லைம் நோய்: கிருமி எது, இணையத்தில் எதை நம்புவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லைம் நோய் உண்ணிக் கடியால் வருவது. அதைப் பற்றி இணையத்தில் தேடினால் இரண்டு விதமான பக்கங்கள் வரும். ஒன்று, சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் அரசுப் பக்கம். இன்னொன்று, படித்து முடிப்பதற்குள் நமக்கும் அந்த நோய் இருக்கிறதோ என்று நினைக்க வைக்கும் பக்கம். இரண்டுக்கும் நடுவில் குழம்பி நிற்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்.

இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. இந்த நோயின் கிருமி எது, எங்கே வாழ்கிறது, எப்படி உடம்புக்குள் நுழைகிறது என்பதெல்லாம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்த விஷயம். கிருமியின் குணம் தெரிந்துவிட்டால் இணையத்தில் சுற்றும் கதைகளில் பாதியை டாக்டர் துணையில்லாமலே தள்ளிவிடலாம்.

லைம் நோய் எதனால் வருகிறது?

பொரேலியா பர்க்டார்ஃபெரி என்ற பாக்டீரியாவால். வைரஸ் இல்லை, பூஞ்சை இல்லை, புழுவும் இல்லை. வட அமெரிக்காவில் பெரும்பாலும் இந்த ஒரே இனம்தான். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் பொரேலியா மயோனி என்ற நெருங்கிய உறவினமும் சிலருக்கு நோய் தருவது 2016-இல் தெரியவந்தது. ஐரோப்பாவிலும் ஆசியாவின் வடபகுதியிலும் பொரேலியா அஃப்செலி, பொரேலியா கரினி இரண்டும்தான் அதிகம்.

இனம் மாறினால் நோயின் போக்கும் கொஞ்சம் மாறும். அமெரிக்க இனம் மூட்டுகளை அதிகம் பிடிக்கும். கரினி நரம்புகளை, அஃப்செலி தோலை. ஜெர்மனியில் ஒருவர் எழுதிய அனுபவமும் அமெரிக்காவில் ஒருவர் எழுதியதும் ஒத்துப்போகவில்லை என்றால், யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை.

பாக்டீரியாதான் காரணம் என்று யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இணையச் சர்ச்சைகள் பலவும் இதைத் திரித்துத்தான் தொடங்குகின்றன.

1975-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நிறைய குழந்தைகளுக்கு முழங்கால் வீங்கியது. குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் அது அரிதாக வரும் நோய். ஒரே தெருவில் அடுத்தடுத்து வருவதாவது? பாலி மர்ரே, ஜூடித் மென்ஷ் என்ற இரண்டு தாய்மார்கள் விடாமல் சுகாதாரத் துறைக்குப் புகார் சொன்னார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் விசாரிக்க வந்தார். நோயாளிகள் காட்டோரங்களில் அதிகம், நோய் தொடங்குவது கோடையில், மூட்டு வீங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு தோலில் ஒரு சிவப்புத் தடிப்பு வந்ததாகச் சிலருக்கு நினைவு. இதையெல்லாம் வைத்து 1977-இல் லைம் மூட்டுவாதம் என்று பெயரிட்டு எழுதினார்கள். கிருமி எது என்று அப்போதும் தெரியாது.

தடிப்பு ஒரு நல்ல துப்பு. ஏனென்றால், உண்ணி கடித்த இடத்திலிருந்து பரவும் இதே மாதிரியான தடிப்பை ஸ்வீடனைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஆர்விட் அஃப்செலியஸ் 1909-லேயே விவரித்திருந்தார்.

1981-இல் விடை கிடைத்தது, அதுவும் வேறொன்றைத் தேடும்போது. மான்டனா மாநிலத்தின் ராக்கி மவுண்டன் ஆய்வகத்தில் வில்லி பர்க்டார்ஃபர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் உண்ணிகளை அறுத்துப் பார்ப்பதில் தேர்ந்தவர். நியூயார்க் மாநிலத்தின் ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளில், உண்ணியால் வரும் இன்னொரு நோயான புள்ளிக் காய்ச்சலின் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அது கிடைக்கவில்லை. உண்ணியின் குடலில் மெல்லிய சுருள் சுருளான பாக்டீரியாக்கள் நெளிந்துகொண்டிருந்தன. உண்ணியால் வரும் தடிப்பைப் பற்றி இளம் வயதில் படித்தது அவருக்கு நினைவிருந்தது. 1982-இல் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது. 1983-இல் நோயாளிகளின் உடம்பிலிருந்தே அதே பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். 1984-இல் அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். 1997-இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் படித்து முடிக்கப்பட்டது.

உண்ணியில் இருக்கிறது, நோயாளியின் உடம்பில் இருக்கிறது, அதைக் கொல்லும் மருந்து கொடுத்தால் நோய் தணிகிறது. மூன்றும் சேர்ந்துதான் சான்று. லைம் நோயின் உண்மையான காரணத்தை மறைக்கிறார்கள் என்று தொடங்கும் வீடியோ எதுவானாலும் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். சொல்வதில்லை.

இந்தப் பாக்டீரியாவில் அப்படி என்ன விசேஷம்?

ஸ்பைரோகீட் எனப்படும் சுருள் பாக்டீரியாக் குடும்பம் இது. சிபிலிஸும் எலிக்காய்ச்சலும் இதே குடும்பத்துக் கிருமிகளால் வருபவைதான். மற்றப் பாக்டீரியாக்கள் பலவற்றுக்கு நீந்தும் இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதற்கு இரண்டு உறைகளுக்கு நடுவே உள்ளே ஓடுகின்றன. அதனால் முழு உடலையும் நெளித்து, தோல், மூட்டு போன்ற கெட்டியான திசுக்களுக்குள்ளும் நகர்ந்து போக முடிகிறது.

இது பெரிய சோம்பேறி. தனக்கு வேண்டிய அமினோ அமிலங்களையோ கொழுப்பு அமிலங்களையோ சொந்தமாகச் செய்துகொள்ளாது. எல்லாவற்றையும் தங்கியிருக்கும் உயிரிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். எனவே மண்ணிலோ தண்ணீரிலோ புல் நுனியிலோ தனியாகப் பிழைத்திருக்காது. உண்ணி அல்லது விலங்கு, இரண்டில் ஒன்று வேண்டும். பெரும்பாலான உயிர்களுக்குத் தவிர்க்க முடியாத இரும்புச் சத்துகூட இதற்குத் தேவையில்லை, மாங்கனீஸை வைத்துச் சமாளித்துவிடுகிறது. இரும்பைக் குறைத்து லைம் கிருமியைப் பட்டினி போடலாம் என்று யாராவது உணவுமுறை விற்றால், கிருமியைப் பற்றி அவர் படிக்கவே இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, மிக மெதுவாகப் பெருகும். சாதாரணக் குடல் பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரண்டாகும் என்றால் இதற்குப் பல மணி நேரம் ஆகும். ஆய்வகத்தில் வளர்ப்பதற்கே தனி வளர்ப்புக் கரைசலும் வாரக்கணக்கில் பொறுமையும் வேண்டும். அதனால்தான் நோயாளியின் ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்காமல், அதற்கு எதிராக உடம்பு செய்யும் ஆன்டிபாடிகள் என்ற எதிர்ப்புப் புரதங்களைத் தேடுகிறார்கள். இதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது, கீழே வருகிறேன்.

உண்ணி கடித்தாலே நோய் வந்துவிடுமா?

இல்லை. முதலில், எல்லா உண்ணியும் இதைப் பரப்பாது. இக்ஸோடிஸ் இனத்துச் சில உண்ணிகள் மட்டும்தான்: அமெரிக்காவின் கிழக்கிலும் மத்தியிலும் கருங்கால் உண்ணி, மேற்குக் கரையில் அதன் சகோதர இனம், ஐரோப்பாவில் ஒன்று, ஆசியாவின் வடக்கே ஒன்று. அந்த இனமாகவே இருந்தாலும் எல்லா உண்ணியிடமும் கிருமி இருக்காது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சிடம் கிருமி கிடையாது. கிருமியுள்ள எலியையோ பறவையையோ கடித்த பிறகுதான் தொற்றும்.

அப்புறம் நேரக் கணக்கு. உண்ணி கடிக்காமல் காத்திருக்கும்போது கிருமி அதன் குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஒட்டிக்கொள்ள உதவுவது அதன் மேலுறையில் உள்ள ஓஸ்ப்-ஏ என்ற புரதம். சூடான ரத்தம் உள்ளே வந்ததும் கிருமி ஓஸ்ப்-ஏவைக் கழற்றிவிட்டு ஓஸ்ப்-சி என்ற வேறு புரதத்தை அணிந்துகொள்கிறது. பிறகு பெருகி, குடலை விட்டு உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய், அங்கிருந்து உமிழ்நீரோடு நம் தோலுக்குள் இறங்குகிறது. இத்தனையும் நடக்க நேரம் பிடிக்கும். அதனால்தான் உண்ணி 24 மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்டால் லைம் வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்கிறார்கள். சட்டையில் ஊர்ந்துகொண்டிருந்த உண்ணியால் நோய் வராது.

கடித்தது தெரியாமலா போகும்?

பெரும்பாலும் தெரியாது. மனிதர்களுக்கு அதிகம் பரப்புவது வளர்ந்த உண்ணி இல்லை, நடுப்பருவ இளம் உண்ணி. கசகசா அளவுதான் இருக்கும். வலிக்காது, அரிக்காது. தொடை இடுக்கு, அக்குள், முழங்காலின் பின் மடிப்பு, காதுக்குப் பின்புறம், தலைமயிருக்குள் என்று நாம் பார்க்காத இடமாகப் பார்த்து உட்காரும். லைம் வந்தவர்களில் நிறையப் பேருக்கு உண்ணி கடித்த நினைவே இருக்காது.

மான்தானே பரப்புகிறது?

மான் உண்ணிக்குச் சோறு போடுகிறது, அவ்வளவுதான். வளர்ந்த உண்ணிகள் மான் மேல் ரத்தம் குடித்து இனம் பெருக்குகின்றன. ஆனால் மானிடமிருந்து உண்ணிக்குக் கிருமி ஏறுவதில்லை. அமெரிக்காவில் கிருமியின் முக்கியக் கிடங்கு வெள்ளைக்கால் எலி.

உண்ணியை எப்படி எடுப்பது?

கூர்நுனி ட்வீசரால், தோலை ஒட்டி, தலைப்பக்கமாகப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுக்க வேண்டும். வாய்ப்பகுதி ஒடிந்து உள்ளே தங்கினால் பதற வேண்டாம், தோல் தானே தள்ளிவிடும். இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தீக்குச்சியால் சுடுவது, வாஸ்லின் பூசுவது, நெயில் பாலிஷ் வைப்பது எல்லாம் இணையத்தில் இன்றும் ஓடுகின்றன. உண்ணி தானாக விலகும்வரை காத்திருக்கச் சொல்கின்றன இந்த வழிகள் எல்லாம். நேரக் கணக்கு தெரிந்தவருக்கு இது ஏன் முட்டாள்தனம் என்று விளக்க வேண்டியதில்லை.

கடித்தவுடன் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

சில நிலைகளில் உண்டு. லைம் அதிகமுள்ள பகுதி, அந்த வகை உண்ணி, 36 மணி நேரமாவது ஒட்டியிருந்தது, எடுத்து 72 மணி நேரம் தாண்டவில்லை: இவை எல்லாம் பொருந்தினால் டாக்டர் ஒரே ஒரு வேளை டாக்ஸிசைக்ளின் கொடுப்பார். ஒவ்வொரு கடிக்கும் இல்லை.

அம்பு எறியும் பலகை மாதிரி வட்டத் தடிப்பு வரவில்லை. லைம் இல்லைதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. நோய் வந்தவர்களில் நூற்றுக்கு 70, 80 பேருக்குத் தடிப்பு வரும். மற்றவர்களுக்கு வராது, அல்லது கண்ணில் படாது. வந்தாலும் படங்களில் காட்டுவதுபோல் நடுவில் சிவப்பு, சுற்றி வெளுப்பு, மறுபடி சிவப்பு என்று வருவது குறைவு. பெரும்பாலும் ஒரே சீரான சிவப்புத் திட்டாகத்தான் இருக்கும். கருத்த தோலில் சிவப்பாகவே தெரியாமல், ரத்தம் கட்டியதுபோல் தெரியலாம். இணையத்தில் உள்ள படங்களில் பெரும்பாலானவை வெளுத்த தோல்; நம் தோலில் தடிப்பைத் தேடும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

பார்க்க வேண்டியது வடிவத்தை இல்லை, நடத்தையை. கடித்த 3 முதல் 30 நாளுக்குள் வரும், நாளுக்கு நாள் விரியும், ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டும், பெரும்பாலும் வலியோ அரிப்போ இருக்காது. கடித்த மறுநாளே சின்னதாகச் சிவந்து, இரண்டு நாளில் அடங்கிவிட்டால் அது உண்ணியின் எச்சிலுக்கு வந்த ஒவ்வாமை.

எந்த அறிகுறி வந்தால் உடனே போக வேண்டும்?

முகத்தின் ஒரு பக்கம் தொங்குவது, மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, மூச்சு வாங்குவது, கழுத்து விறைப்போடு கடுமையான தலைவலி. கிருமி இதயத்தின் மின்னோட்டப் பாதையைப் பாதித்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். இந்த நிலையில் இணையத்தில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

பரிசோதனையில் நெகட்டிவ் வந்தது. நம்பலாமா?

எப்போது எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. உடம்பு ஆன்டிபாடிகளைப் போதுமான அளவு செய்யச் சில வாரங்கள் ஆகும். தடிப்பு வந்த புதிதில் எடுத்தால், நோய் உண்மையிலேயே இருப்பவர்களில் பாதிப் பேருக்குக்கூட பாசிட்டிவ் வராது. அதனால்தான் அந்த வகைத் தடிப்பு தெளிவாக இருந்தால், உண்ணி உள்ள இடத்துக்குப் போயிருந்தால், டாக்டர் பரிசோதனைக்குக் காத்திராமல் மருந்து தொடங்குவார்.

லைம் பரிசோதனை பாதி நேரம் தவறு என்று இணையத்தில் பரவும் வாசகம் பிறந்தது இங்கேதான். முதல் வாரங்களுக்கு உண்மையான ஒரு விஷயத்தை எடுத்து, நோயின் எல்லாக் கட்டத்துக்கும் நீட்டிவிட்டார்கள். மாதக்கணக்கில் மூட்டு வீங்கியிருப்பவருக்கு இந்தப் பரிசோதனை மிகவும் நம்பகமானது. ஆறு மாதமாக உபாதை, பரிசோதனை நெகட்டிவ் என்றால் வேறு காரணத்தைத் தேடுவதுதான் நோயாளிக்கு நல்லது.

பாசிட்டிவ் வந்தால்?

அங்கேயும் நிதானம் வேண்டும். முறையான பரிசோதனை இரண்டு படி கொண்டது. முதல் படியில் பாசிட்டிவ் அல்லது சந்தேகம் என்றால்தான் இரண்டாவது படி. முதல் படியின் தாளை மட்டும் படம் எடுத்துப் போட்டு எனக்கு லைம் என்று எழுதுபவர்கள் நிறைய. வேறு கிருமிகள், உடம்பு தன்னையே தாக்கும் சில தன்னெதிர்ப்பு நோய்கள்கூட முதல் படியைப் பாசிட்டிவ் ஆக்கும். தொற்றின் தொடக்கத்தில் முதலில் வரும் ஐஜிஎம் வகை ஆன்டிபாடி மட்டும் பாசிட்டிவ், அறிகுறி தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால் அது பெரும்பாலும் போலி பாசிட்டிவ்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் கற்பனைதான். ஆயிரம் பேரில் உண்மையில் இரண்டு பேருக்குத்தான் நோய் என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை, நோயில்லாத நூறு பேரில் ஐந்து பேரைத் தவறாகப் பாசிட்டிவ் என்கிறது. அப்படியானால் ஆயிரம் பேரையும் சோதித்தால் கிட்டத்தட்ட ஐம்பது போலி பாசிட்டிவ், இரண்டே இரண்டு உண்மை. அதே பரிசோதனையை, உண்ணிக் காட்டில் வேலை பார்த்து, முழங்கால் வீங்கி வருபவர்களிடம் செய்தால் கணக்கு தலைகீழாகிவிடும். பரிசோதனை மாறவில்லை, யாரிடம் செய்கிறோம் என்பதுதான் மாறியது. லைம் உண்ணி இல்லாத ஊரை விட்டு வெளியே போகாத ஒருவர் அசதிக்காக இந்தப் பரிசோதனை செய்துகொள்வதில் உள்ள சிக்கல் இதுதான்.

இன்னொன்று: குணமான பிறகும் ஆன்டிபாடிகள் ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். எனவே சிகிச்சைக்குப் பிறகும் பாசிட்டிவ் வருவதால் கிருமி உயிரோடு இருக்கிறது என்று ஆகாது.

சாதாரண ஆய்வகங்கள் விட்டுவிடுவதைத் தங்கள் ஆய்வகம் பிடிக்கும் என்கிறார்களே?

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தை அனுப்பினால் எத்தனை பேருக்குப் பாசிட்டிவ் சொல்கிறீர்கள்? நிறையப் பேரைப் பிடிப்பது சுலபம், எல்லோருக்கும் பாசிட்டிவ் சொன்னால் போதும். நோயில்லாதவரை விட்டுவிடுவதுதான் கடினம். சிறுநீரில் லைம் தேடும் பரிசோதனை, சொந்த அளவுகோலில் படிக்கும் பரிசோதனை என்று விற்பவர்கள் இந்த எண்ணைச் சொல்வது அரிது. அதே இடத்தில் மருந்தும் விற்றால் பர்ஸை மூடிக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.

மருந்து என்ன, எத்தனை நாள்?

டாக்ஸிசைக்ளின், அமாக்ஸிசிலின், செஃபுராக்ஸிம். தடிப்பு நிலையில் டாக்ஸிசைக்ளின் 10 நாள், மற்ற இரண்டும் 14 நாள் என்பது 2020-இல் அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் மற்ற இரண்டு சங்கங்களோடு சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியின் நிலை. மூட்டு வீக்கத்துக்கு 28 நாள். கடுமையான இதய, மூளை பாதிப்புக்கு நரம்பு வழியாக, அதாவது ரத்தக் குழாயில் ஏற்றும் செஃப்ட்ரையாக்ஸோன்.

பழைய பக்கங்களில் 21 நாள் என்றுகூட இருக்கும். பொய் இல்லை, பழையது. மருத்துவப் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்பதைத்தான்.

சிகிச்சை முடிந்தும் அசதி, வலி தீரவில்லை. நாட்பட்ட லைம் என்கிறார்கள். அது உண்மையா?

மிகவும் கவனமாகப் பேச வேண்டிய இடம். இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

ஒன்று, லைம் வந்ததற்குச் சரியான சான்று இருந்து, சரியான மருந்தும் எடுத்து, அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கும் மேல் அசதி, உடல்வலி, யோசனைத் தடுமாற்றம் நீடிப்பது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் கணக்கில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இப்படி ஆகிறது. இது உண்மையான துன்பம். மனப்பிரமை என்று ஒதுக்கிய மருத்துவர்களும் இருந்திருக்கிறார்கள். அப்படி ஒதுக்கப்பட்டவர்கள்தான் பிறகு இணையத்தில் ஆறுதல் தேடிப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

இரண்டு, லைம் வந்ததற்கு எந்தச் சான்றும் இல்லாமல், அசதியும் வலியும் இருக்கும் எவருக்கும் ஒட்டப்படும் நாட்பட்ட லைம் என்ற சீட்டு. இதை நம்பினால், உண்மையில் இருக்கும் தைராய்டு கோளாறோ, தூக்கக் கோளாறோ, சில சமயம் புற்றுநோயோ கண்டுபிடிக்கப்படாமலே போகும்.

முதல் வகையினருக்கு இன்னும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் சரியாகுமா என்பதை முறையாகச் சோதித்தார்கள். 2001-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 30 நாள் நரம்பு வழி மருந்து, அதன் பிறகு 60 நாள் மாத்திரை. 2016-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் எல்லோருக்கும் இரண்டு வாரம் நரம்பு வழி மருந்து கொடுத்து, பிறகு 12 வாரம் இரண்டு பிரிவுகளுக்கு ஆன்டிபயாடிக், மூன்றாவது பிரிவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. இரண்டு ஆய்விலும் நீண்ட சிகிச்சை வெற்று மாத்திரையை விட மேலாக இல்லை. கவனிக்க வேண்டியது, நெதர்லாந்து ஆய்வில் வெற்று மாத்திரை எடுத்தவர்களும் கொஞ்சம் தேறினார்கள். மூன்று மாதம் ஆன்டிபயாடிக் எடுத்தேன், தேறினேன் என்று ஒருவர் எழுதுவது உண்மையாகவே இருக்கலாம். மருந்தால் தேறினாரா என்பதை அவரால் சொல்ல முடியாது.

மருந்துக்கு விலையும் உண்டு. நாட்பட்ட லைம் என்று மாதக்கணக்கில் நரம்பு வழி மருந்து ஏற்றியவர்களுக்கு ரத்தத்தில் கிருமி பரவியது, கடுமையான குடல் தொற்று வந்தது, சிலர் இறந்தே போனார்கள் என்று 2017-இல் சி.டி.சி. பதிவு செய்திருக்கிறது.

அப்படியென்றால் துன்பம் ஏன் நீடிக்கிறது? முழு விடை இல்லை. லைம் மூட்டுவாதத்தில் ஒரு நல்ல துப்பு 2019-இல் கிடைத்தது: பாக்டீரியாவின் சுவர்த் துண்டுகள் மூட்டு நீரில் தங்கி, உடம்பின் எதிர்ப்பைத் தூண்டிக்கொண்டே இருக்கின்றன. அதை ஆன்டிபயாடிக் என்ன செய்யும்?

மருந்து எடுத்ததும் உடம்பு மோசமானால் கிருமி சாகிறது என்று அர்த்தமாமே?

பாதி உண்மை. சுருள் பாக்டீரியாக்களுக்கு முதல் வேளை மருந்து போனதும் சிலருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வந்து ஒரு நாளில் அடங்கும். சிபிலிஸ் சிகிச்சையிலிருந்தே தெரிந்த எதிர்வினை. இணையத்தில் இது மாதக்கணக்காக நீண்டுவிட்டது. தேறினால் மருந்து வேலை செய்கிறது, மோசமானாலும் மருந்து வேலை செய்கிறது. எது நடந்தாலும் தோற்காத விளக்கம் எதையும் விளக்கவில்லை. இந்த ஒரு சோதனையை எந்த மருத்துவக் கூற்றுக்கும் வைத்துப் பார்க்கலாம்: என்ன நடந்தால் இது தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்?

ஆராய்ச்சிக் கட்டுரையையே இணைப்பாகக் கொடுக்கிறார்களே, அதையும் சந்தேகப்படுவதா?

திறந்து பாருங்கள். பெரும்பாலும் கண்ணாடிக் குழாயில் செய்த ஆய்வாக இருக்கும். மூலிகைச் சாறு ஒன்று குழாயில் பொரேலியாவைக் கொன்றது என்பது உண்மையாகவே இருக்கும். குழாயில் ப்ளீச்சிங் பவுடரும் கொல்லும். அந்தச் சாறு குடலைத் தாண்டி, கல்லீரலைத் தாண்டி, மூட்டுக்குள் போதுமான அளவு போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி. குழாய், எலி, சில மனிதர்கள், வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட நிறைய மனிதர்கள் என்று நான்கு படி உண்டு. எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். மருத்துவத் தேடுதளத்தில் இருப்பதாலேயே ஒரு கட்டுரை சரியாகிவிடாது. அங்கே மறுக்கப்பட்டவையும் இருக்கும்.

அறிகுறிப் பட்டியலில் பதினைந்து எனக்குப் பொருந்துகிறது!

அசதி, தலைவலி, மறதி, தூக்கமின்மை, எரிச்சல், மூட்டுவலி. யாருக்குத்தான் பொருந்தாது? நல்ல பட்டியல் லைமை மற்ற நோய்களிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும்: விரியும் தடிப்பு, முகவாதம், ஒரே முழங்கால் பெரிதாக வீங்குவது.

இது ராணுவம் செய்த உயிரியல் ஆயுதம் என்று படித்தேன்.

நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவுக்கு அருகே பிளம் தீவில் 1954-இல் அமெரிக்க அரசின் கால்நடை நோய் ஆய்வகம் தொடங்கப்பட்டது. லைம் ஊர் அங்கிருந்து கடலைத் தாண்டினால் வந்துவிடும் தூரம். பனிப்போர்க் காலத்தில் பூச்சிகளை ஆயுதமாக்கும் ஆராய்ச்சிகள் நடந்ததும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளின் மேல் கட்டிய கதை இது.

ஆனால் 1909-இல் ஸ்வீடனில் அஃப்செலியஸ் பார்த்த தடிப்பை பிளம் தீவு எப்படிச் செய்திருக்கும்? அருங்காட்சியகத்தில் இருந்த, 1894-இல் மாசசூசெட்ஸில் பிடித்த எலிகளின் தோலில் இந்தப் பாக்டீரியாவின் டி.என்.ஏ. கிடைத்திருக்கிறது. 1940-களில் லாங் தீவில் சேகரித்த உண்ணிகளிலும் கிடைத்தது. 2017-இல் யேல் ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டு, வட அமெரிக்காவில் இது குறைந்தது 60,000 ஆண்டுகளாக இருக்கிறது என்று கணித்தார்கள். கிருமி பழையது, புதிதாக நடந்தது என்னவென்றால் விளைநிலங்கள் மறுபடி காடானது, மான்கள் பெருகியது, காட்டோரத்தில் மக்கள் வீடு கட்டியது.

கொசு கடித்தால் வருமா? ஒருவரிடமிருந்து ஒருவருக்கு?

இரண்டுக்கும் சான்று இல்லை. கொசுவின் உடம்பில் டி.என்.ஏ. கிடைப்பது வேறு, கொசு நோயைப் பரப்புவது வேறு. தொடுவதால், முத்தத்தால், உடலுறவால் பரவுவதில்லை.

தடுப்பூசி ஒன்று இருந்ததாமே? ஏன் எடுத்துவிட்டார்கள்?

1998 இறுதியில் லைம்ரிக்ஸ் என்ற தடுப்பூசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் வேலை விசித்திரமானது: உண்ணியின் குடலில் கிருமி அணிந்திருக்கும் ஓஸ்ப்-ஏ புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடிகளை நம் ரத்தத்தில் உண்டாக்கும். உண்ணி அந்த ரத்தத்தைக் குடித்ததும், கிருமி உண்ணிக்குள்ளேயே செத்துவிடும். மூட்டுவாதம் வருகிறது என்று புகார்கள், வழக்குகள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஆராய்ந்ததில் தடுப்பூசிதான் காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் விற்பனை படுத்துவிட்டது. 2002-இல் நிறுவனமே விலக்கிக்கொண்டது. ஆபத்து என்று அரசு தடை செய்ததாக எழுதும் பக்கங்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

ஓர் ஆண்டில் லைம் வருபவர்கள் ஒரு பக்கம் 89 ஆயிரம் என்கிறது, இன்னொன்று நாலே முக்கால் லட்சம் என்கிறது. எது பொய்?

இரண்டும் உண்மை. அமெரிக்காவில் 2023-இல் அதிகாரப்பூர்வமாகப் பதிவானது 89 ஆயிரத்துக்கும் மேல். ஆண்டுதோறும் லைம் என்று சிகிச்சை பெறுபவர்கள் ஏறக்குறைய 4,76,000 பேர் என்பது காப்பீட்டுத் தரவுகளிலிருந்து சி.டி.சி. எடுத்த மதிப்பீடு, அதில் சந்தேகத்தின் பேரில் மருந்து பெற்றவர்களும் உண்டு. எண்ணைப் பார்க்கும்போது எதை எண்ணினார்கள் என்று பாருங்கள்.

மாற்று மருந்து எடுத்தால் கெடுதல் ஒன்றும் இல்லையே?

2006-இல் எஃப்.டி.ஏ. பிஸ்மசின் என்ற ஊசி பற்றி எச்சரித்தது. பிஸ்மத் உலோகம் கலந்த அதை லைமுக்கு என்று ரத்தத்தில் ஏற்றினார்கள். ஒருவர் இறந்தார்.

டாக்டரிடம் இணையத்தில் படித்ததைச் சொன்னால் கோபப்படுவாரோ?

சொல்லுங்கள், ஆனால் முடிவைச் சொல்லாமல் விவரத்தைச் சொல்லுங்கள். எனக்கு லைம் என்று தொடங்கினால் பேச்சு விவாதமாகிவிடும். எந்தத் தேதியில் எந்தக் காட்டுக்குப் போனோம், உண்ணி எங்கே இருந்தது, எத்தனை மணி நேரம் இருந்திருக்கும், தடிப்பு என்று வந்தது என்று சொன்னால் அவருக்கு வேலை சுலபம். உண்ணியை எடுத்திருந்தால் டேப்பில் ஒட்டியோ படம் பிடித்தோ கொண்டு போகலாம், இனம் பார்க்க உதவும். தடிப்பு இருந்தால் அதன் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் அளவுகோலை வைத்து, நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். மறுநாள் தடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் அந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டு அன்றே போய்விடுங்கள்.